எக்ஸ் அந்தப் பக்கம் போகாது, அண்ணே!

"அஞ்சு அந்தப் பக்கம் போனா மைனஸ் அஞ்சு ஆயிடும்டா. அவ்ளோதான். போடு."

இந்த வாக்கியத்தைச் சொல்லித்தரும் எல்லா அண்ணன்களுக்கும், அக்காக்களுக்கும், சாயங்கால டியூஷன் சார்களுக்கும், யூடியூப் வாத்தியார்களுக்கும் எதிராகத்தான் இதை எழுதுகிறேன். கோபம் வந்தால் வரட்டும். முழுசாகப் படித்துவிட்டுத் திட்டவும்.

2018ல் வந்த ஆறாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில், முதல் பருவத்தின் இரண்டாவது பாடமே "இயற்கணிதம் - ஓர் அறிமுகம்" தான். அதாவது பள்ளி திறந்து கொஞ்ச நாளிலேயே, அதுவரை எண்களை மட்டும் பார்த்துக் கொண்டிருந்த 11 வயசுப் பிள்ளை முன்னால் எக்ஸ் வந்து உட்கார்ந்து விடுகிறது. அன்று ராத்திரி அந்தப் பிள்ளை நோட்டைத் தூக்கிக் கொண்டு யாரிடம் போகும்? நாட்றாம்பாளையம் மாதிரி ஊரில் (அஞ்செட்டியிலிருந்து ஒகேனக்கல் போகிற ரோட்டில் இருக்கிறது, பஸ்ஸில் தூங்கினால் தாண்டி விடுவீர்கள்) அப்பா காட்டில் இருப்பார், இல்லை ஓசூரில் ஷிப்டில் இருப்பார். அம்மா "எனக்கு இதெல்லாம் தெரியாதுப்பா" என்று ஒதுங்கி விடுவார். மிச்சம் இருப்பது தெருவில் காலேஜ் போகிற யாராவது. அதுவும் பி.காம் என்றால் கேட்கவே வேண்டாம். "கணக்குப் பதிவியல்னா கணக்குதானே, நீ சொல்லிக்குடு." பிளஸ் ஒன்னில் கணிதம் வேண்டாம் என்றுதான் பாதிப் பேர் வணிகவியல் குரூப்பே எடுக்கிறார்கள் என்பது ஊருக்குத் தெரியாது :-)

இப்படித் தெருவில் உட்கார்ந்து சொல்லித்தருவதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை. 2021 அக்டோபரில் தமிழக அரசு இல்லம் தேடிக் கல்வி என்று ஆரம்பித்தபோது செய்ததும் இதைத்தான். 1 முதல் 8ஆம் வகுப்பு வரை, மாலை நேரத்தில், பக்கத்து வீட்டுத் தன்னார்வலர், மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. அரசாங்கமே பக்கத்து வீட்டு அக்காவை நம்பிய திட்டம் அது. அந்த அக்கா சொல்லித்தருவது தப்பாக இருந்தால் அந்தத் தப்பும் வீடு வீடாகப் போகும். அதனால்தான் இவ்வளவு கத்துகிறேன்.

சரி, "பக்கம் மாறினால் குறி மாறும்" என்பதில் என்ன குற்றம்? விடை வருகிறதே?

வருகிறது. எக்ஸ் + 5 = 12 என்றால் எக்ஸ் = 12 - 5 = 7. பிள்ளைக்குக் குஷி, அண்ணனுக்குப் பெருமை. அடுத்த கணக்கு: 3எக்ஸ் = 12. பிள்ளை என்ன செய்யும்? நீங்கள் சொன்னதை அப்படியே செய்யும். 3 அந்தப் பக்கம் போகும், மைனஸ் 3 ஆகும். எக்ஸ் = 12 - 3 = 9. உடனே அண்ணன், "டேய், பெருக்கல்ல இருந்தா வகுத்தலா மாறணும்டா!" என்று மண்டையில் ஒரு குட்டு. 3-க்கும் எக்ஸுக்கும் நடுவில் பெருக்கல் குறி எங்கே இருக்கிறது? பிள்ளையின் கண்ணுக்கு 3எக்ஸ் என்பது ஒட்டி நிற்கும் இரண்டு எழுத்து, அவ்வளவுதான். அடுத்தது -3எக்ஸ் = 12 வந்தால், மைனஸ் 3 அந்தப் பக்கம் போய்ப் பிளஸ் 3 ஆகி, எக்ஸ் = 12 / 3 = 4 என்று வந்து நிற்கும். இப்போது மூன்றாவது விதி, அதற்கு ஒரு விதிவிலக்கு, இன்னொரு குட்டு. பிள்ளை மனசில் கடைசியாகத் தங்குவது ஒன்றுதான்: இது மந்திரம், எனக்கு வராது.

எந்த எண்ணும் எந்தப் பக்கமும் போவதில்லை. எக்ஸ் + 5 ஒரு தட்டில், 12 இன்னொரு தட்டில், தராசு நேராக நிற்கிறது. இந்தத் தட்டிலிருந்து 5 எடுத்தால் அந்தத் தட்டிலிருந்தும் 5 எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் சாயும். நடந்தது அவ்வளவே. 5 கையில் எடுக்கப்பட்டது. அது நடந்து போய் எதிர்த்தட்டில் மைனஸ் வேஷம் போட்டுக்கொண்டு உட்காரவில்லை. 3எக்ஸ் = 12 என்றால் ஒரே மாதிரி மூன்று மூட்டைகள் சேர்ந்து 12. இரண்டு பக்கத்தையும் மூன்றாகப் பிரி, ஒரு மூட்டை 4. ராகி அளந்து பழகிய எந்தப் பாட்டிக்கும் இது புரியும்.

இந்தப் பாடத்தின் பெயரிலேயே தராசு இருக்கிறது. 9ஆம் நூற்றாண்டில் பாக்தாத்தில் இருந்த அல்-குவாரிஸ்மியின் புத்தகத் தலைப்பில் வரும் "அல்-ஜப்ர்" என்ற சொல்தான் அல்ஜீப்ரா ஆனது. குறைந்து போனதை மறுபடி நிரப்பிச் சரியாக்குவது என்று அர்த்தம். கூடவே வரும் "அல்-முகாபலா" என்பது இரண்டு பக்கமும் பொதுவாக இருப்பதைக் கழித்து ஈடு செய்வது. ஸ்பெயினில் ஒரு காலத்தில் எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுபவரை "அல்ஜெப்ரிஸ்தா" என்றே கூப்பிட்டார்கள். நம்ம புத்தூர் கட்டு வைத்தியர் அங்கே பிறந்திருந்தால் அல்ஜீப்ராக்காரர்! உடைந்ததைச் சேர்த்து வைப்பதற்குப் பெயர் வைத்த பாடத்தை, ஆள் கடத்தல் மாதிரி "இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம்" என்று நடத்திக் கொண்டிருக்கிறோம்.

காமர்ஸ் படிக்கிற நண்பர்களே, உங்களுக்கு மன்னிப்பே கிடையாது. சொத்துகள் = பொறுப்புகள் + முதல். முதலாம் அத்தியாயம். ரொக்கம் 10,000 கொடுத்துச் சரக்கு வாங்கினால் எத்தனை இடத்தில் பதிவு? இரண்டு. ஏன்? சமம் உடையக் கூடாது. இதை மூன்று வருஷம் உருப்போடுகிறோம். பிறகு தெருப் பையனிடம் போய் "அந்தப் பக்கம் போனா மைனஸ்" என்கிறோம். இரட்டைப் பதிவு முறையை விளக்கி 1494ல் வெனிஸில் லூக்கா பச்சோலி அச்சிட்ட புத்தகம் இருக்கிறதே, அதே புத்தகத்தில்தான் அல்ஜீப்ராவும் இருந்தது. ஒரே அட்டைக்குள் இரண்டும். பரீட்சைக்கு "கணக்கியலின் தந்தை பச்சோலி" என்று ஒரு மார்க்குக்கு எழுதுவதோடு நிறுத்திக் கொண்டோம்.

கோளாறு எக்ஸில் இல்லை, சமக்குறியில் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. அமெரிக்காவில் ஃபால்க்னர், லெவி, கார்பெண்டர் என்ற மூன்று பேர் 1999ல் ஒரு கட்டுரை எழுதினார்கள். 8 + 4 = கட்டம் + 5. கட்டத்தில் என்ன? கேட்கப்பட்ட 145 ஆறாம் வகுப்புப் பிள்ளைகளில் ஒருவர் கூட 7 என்று சொல்லவில்லை. கிட்டத்தட்ட எல்லோரும் 12 அல்லது 17. ஏனென்றால் அவர்களுக்கு "=" என்பது "இப்ப விடையைச் சொல்லு" என்கிற கட்டளை. ஐந்து வருஷமாகக் கூட்டல் கழித்தல் போட்டு அப்படித்தான் பழகியிருக்கிறார்கள். நம்ம ஊரிலும் இதைக் கேட்டுப் பாருங்கள். ஆறாம் வகுப்பைக் கேட்க வேண்டாம், காலேஜ் கேன்டீனில் கேளுங்கள். சமக்குறி என்றால் "இரண்டும் ஒரே அளவு" என்பது பிடிபடாத பிள்ளைக்கு எக்ஸ் எப்படிப் பிடிபடும்?

அடுத்த குற்றவாளி: "ஏ ஃபார் ஆப்பிள்".

3 ஆப்பிளும் 2 வாழைப்பழமும் சேர்த்தால் 3ஆ + 2வா, இரண்டையும் கூட்ட முடியாது, ஏனென்றால் ஆப்பிள் வேறு வாழை வேறு. கேட்க இனிப்பாக இருக்கிறது. ஆனால் இது பொய். அல்ஜீப்ராவில் எழுத்து ஒரு பொருளின் சுருக்கெழுத்து கிடையாது, ஓர் எண்ணுக்கான இடம். ஆப்பிள் கதை கேட்ட பிள்ளையிடம் ஆ × வா என்றால் என்ன என்று கேளுங்கள். ஜூஸ் என்று சொல்லும்!

இதன் விளைவு ஆறாம் வகுப்போடு முடிவதில்லை. ஓசூர்க் கணக்கு ஒன்று தருகிறேன். ஒரு கம்பெனியில் ஒரு சூப்பர்வைசருக்கு 6 தொழிலாளர்கள். தொழிலாளர்களின் எண்ணிக்கை "தொ", சூப்பர்வைசர்களின் எண்ணிக்கை "சூ". சமன்பாடு எழுதுங்கள்.

6தொ = சூ என்று எழுதியவர்கள் கையைத் தூக்குங்கள். 10 சூப்பர்வைசர் இருந்தால் 60 தொழிலாளர். போட்டுப் பாருங்கள்: 6 × 60 = 360, அந்தப் பக்கம் 10. சரியானது தொ = 6சூ. வெட்கப்பட வேண்டாம். 1980ஐ ஒட்டி அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் கிளமெண்ட் என்பவரும் கூட்டாளிகளும் இதே கணக்கை மாணவர் - பேராசிரியர் என்று வைத்து முதலாண்டு பொறியியல் மாணவர்களிடம் கேட்டார்கள். மூன்றில் ஒருவருக்கு மேல் தப்பு. தொ என்பதைத் "தொழிலாளர்" என்று படித்தால் "ஆறு தொழிலாளருக்கு ஒரு சூப்பர்வைசர்" என்று தமிழ் வாக்கியம் மாதிரியே எழுத வரும். தொ என்பதை எண்ணாகப் படித்தால்தான் சரியாக வரும். ஆறாம் வகுப்பில் ஊட்டிய ஆப்பிள் பொறியியல் கல்லூரி வரை ஜீரணமாகவில்லை.

"மாறி" என்ற சொல்லையும் கொஞ்சம் கவனிக்க வேண்டும். சொல் நல்ல சொல்தான். ஆனால் பேச்சில் நாம் "அது மாறி இருக்கு, இது மாறி இருக்கு" என்றுதானே பேசுகிறோம்? "எக்ஸ் ஒரு மாறி" என்றால் "எது மாறி?" என்று திருப்பிக் கேட்கிற பிள்ளை கிண்டல் பண்ணவில்லை. எங்கள் பக்கம் வீட்டில் கன்னடம் பேசிப் பள்ளியில் தமிழில் படிக்கிற பிள்ளைகளும் உண்டு. எல்லை தாண்டி அந்தப் பக்கம் இதே பாடம் "பீஜகணித". இந்தப் பக்கம் "இயற்கணிதம்". இங்கிலீஷ் மீடியம் போனால் இன்னொரு பெயர். மூன்று பெயரையும் விட்டுவிட்டு "தெரியாத எண்" என்று சொன்னால் குறைந்தா போய்விடும்?

ஆனால் அதிலும் ஒரு சிக்கல் உண்டு. எக்ஸ் + 5 = 12ல் இருக்கும் எக்ஸ் மாறவே மாறாது. அது 7 தான், நமக்குத் தெரியாது, அவ்வளவுதான். கணக்கு எழுதுகிறவர்கள் இருப்பாய்வு டேலி ஆகாதபோது வித்தியாசத்தைத் தற்காலிகமாக அனாமத்துக் கணக்கில் போட்டு வைப்போமே, அது மாதிரி. பிழை கிடைத்ததும் அனாமத்து காலி. புத்தகத்தின் ஆரம்பத்தில் வருகிற தீக்குச்சிக் கணக்கில் இருக்கும் எழுத்து அப்படியல்ல. வரிசையாக ஒட்டிய சதுரங்கள் செய்யக் குச்சி எத்தனை? 1 சதுரத்துக்கு 4, 2க்கு 7, 3க்கு 10. ந சதுரத்துக்கு 3ந + 1. இங்கே ந உண்மையாகவே மாறுகிறது. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்துவிட்டு வித்தியாசத்தைச் சொல்லாமல் விட்டால் பிள்ளை குழம்பத்தான் செய்யும்.

எளிதாகச் சொல்லலாம். தக்காளி ஏற்றிக்கொண்டு டெம்போ ஓசூர் போகிறது. வண்டி வாடகை 2,500. பெட்டிக்கு ஏற்று-இறக்குக் கூலி 12. (எண்கள் சும்மா வைத்துக் கொண்டவை. டெம்போக்காரர்கள் சண்டைக்கு வர வேண்டாம்.) முதலில் எழுத்தே வேண்டாம். 10 பெட்டி என்றால் எவ்வளவு? 2,620. 50 பெட்டி? 3,100. 100 பெட்டி? 3,700. பிள்ளையே நான்கைந்து தடவை போடட்டும். கை வலிக்கும். ஒவ்வொரு தடவையும் எது அப்படியே நிற்கிறது, எது மாறுகிறது என்று கேளுங்கள். 2,500 நிற்கிறது, 12 நிற்கிறது, பெட்டிகளின் எண்ணிக்கை மட்டும் மாறுகிறது. அந்த எண்ணிக்கைக்கு "பெ" என்று பெயர் வை. 2,500 + 12பெ. பெ என்பது பெட்டி இல்லை, எத்தனை பெட்டி என்கிற எண். இது மாறி. (காமர்ஸ் ஆட்களே, மாறாச் செலவு, மாறும் செலவு. பரிச்சயமாக இருக்கிறதா?) இப்போது டெம்போக்காரர் 3,460க்கு பில் நீட்டுகிறார். எத்தனை பெட்டி போயிருக்கும்? இரண்டு பக்கமும் 2,500 எடு, 12பெ = 960. பன்னிரண்டாகப் பிரி, 80 பெட்டி. இப்போது அதே பெ தெரியாத எண் ஆகிவிட்டது. ஒரே வண்டி, ஒரே எழுத்து, இரண்டு வேலை.

எழுத்து என்னவாக இருந்தாலும் கவலையில்லை. 628ல் பிரம்மகுப்தர் பிரம்மஸ்புட சித்தாந்தத்தில் இந்த வேலையைச் செய்தபோது எக்ஸ் கிடையாது. தெரியாத எண்களுக்கு நிறங்களின் பெயரை வைக்கிற பழக்கம் இங்கே இருந்தது. முதலாவதுக்கு "யாவத்-தாவத்", அதாவது "எவ்வளவோ அவ்வளவு". அடுத்ததற்குக் கறுப்பு, நீலம் என்று போகும். 1150ல் பாஸ்கரர் எழுதிய பீஜகணிதத்திலும் இதே முறைதான். எக்ஸ், ஒய், இசட் எல்லாம் 1637ல் தெக்கார்த்தே கிளப்பி விட்டது. நம்ம காரி நாயனாரின் கணக்கதிகாரத்தில் பலாப்பழத்தை அறுக்காமலே சுளை எத்தனை என்று கண்டுபிடிக்கிற கணக்கு இருக்கிறது. காம்பைச் சுற்றியுள்ள முள்ளை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகு. பழம் அதற்குக் கட்டுப்படுமா என்பது பலாப்பழத்துக்கே வெளிச்சம். ஆனால் "எந்தப் பழமாக இருந்தாலும்" என்று ஒரு விதி சொல்கிறார்கள் பாருங்கள், அதுதான் மாறி. எழுத்தே இல்லாமல்.

இப்போது எதிர்க்கட்சி வாதத்துக்கு வருகிறேன்.

"தம்பி, இப்படி டெம்போ, தராசு என்று உட்கார்ந்தால் போர்ஷன் முடியாது. ஷார்ட்கட் சொன்னால் மார்க் வருகிறது. எட்டாவதில் என்.எம்.எம்.எஸ் பரீட்சை இருக்கிறது." நியாயமான கவலை. அரசுப் பள்ளிப் பிள்ளை அந்தத் தேர்வில் உதவித்தொகைக்குத் தேர்வானால் 9 முதல் 12 வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய், மொத்தம் 48,000. எங்கள் ஊரில் அது சாதாரணத் தொகை இல்லை. ஆனால் மந்திரம் கற்ற பிள்ளைக்கு அந்தத் தேர்வு வராது ஐயா. அது கேள்வியைக் கொஞ்சம் திருப்பிக் கேட்கிற தேர்வு. ஷார்ட்கட்டையே ஒழிக்கச் சொல்லவில்லை. நானும் பக்கம் மாற்றித்தான் போடுகிறேன், எல்லோரும் அப்படித்தான். நீளமாக எழுதத் தெரிந்தவன் சுருக்கெழுத்து எழுதலாம். எழுதவே தெரியாதவனுக்கு முதல் நாளே சுருக்கெழுத்தைச் சொல்லித்தந்தால் அது கிறுக்கல்.

எட்டு வரைக்கும் எல்லோரும் பாஸ் என்பதால் இந்தக் கிறுக்கல் யார் கண்ணிலும் படுவதில்லை. (எட்டு வரை ஃபெயில் போடக்கூடாது என்பதை நான் ஆதரிக்கிறேன், அது வேறு பஞ்சாயத்து.) ஆறாவதில் வாங்கிய கடன், ஒன்பதாவதில் பல்லுறுப்புக் கோவை வரும்போது வட்டியோடு வந்து கதவைத் தட்டும். அப்போது "இவனுக்குக் கணக்கு வராது" என்று தீர்ப்பு எழுதுவோம். பிள்ளைக்குக் கம்பெனி பஸ் தயார்.

கம்பெனிக்குப் போகிறவனுக்கு எதற்கு எக்ஸ் என்று கேட்கிற மேதாவிகளுக்கும் ஒரு பதில். 8 மணி நேர வேலை, மேலே 2 மணி நேரம் ஓ.டி. ஓ.டி.க்கு இரட்டைச் சம்பளம். ஒரு மணி நேரக் கூலி "ம" என்றால், 8ம + 4ம = 12ம. கூலி 60 என்று பேசியிருந்தால் கைக்கு 720 வர வேண்டும். 600 வந்தால்? ஓ.டி.யை ஒற்றைச் சம்பளமாகப் போட்டிருக்கிறார்கள். இதை ஷிப்ட் முடிந்து பஸ்ஸில் உட்கார்ந்தே கண்டுபிடிக்கிறவனும் இருக்கிறான், கொடுத்ததை வாங்கி வருகிறவனும் இருக்கிறான்.

"பெற்றோர் படிக்காதவர்கள், அவர்களால் என்ன செய்ய முடியும்?" என்கிற வாதம்தான் எனக்கு அதிக எரிச்சலைத் தருவது. படித்த நாம் செய்கிற கெடுதலை விடப் படிக்காதவர்கள் செய்யக்கூடிய உதவி பெரிசு. நாம் பேனாவைப் பிடுங்கி நாமே போட்டுக் கொடுக்கிறோம். இல்லையென்றால் கைடைப் பிரித்து வைக்கிறோம், இல்லையென்றால் செல்போன் கேமராவைக் காட்டுகிறோம், அது படிநிலையோடு விடையைக் கக்குகிறது. மறுநாள் நோட்டில் சிவப்பு மையில் "நன்று". யாருக்கு நன்று? ஆப்புக்கா? அல்ஜீப்ரா தெரியாத அம்மாவால் போட்டுக் கொடுக்க முடியாது. அதுவே பாதி நல்லது. அவர் கேட்க வேண்டியது இவ்வளவுதான். கன்னடத்தில் கேட்டாலும் சரி: "எதைக் கண்டுபிடிக்கச் சொல்றாங்க? நீ சொன்ன விடையை அதே இடத்துல வச்சுப் பாத்தியா? ரெண்டு பக்கமும் ஒண்ணா வருதா?" இதற்கு எந்தப் பட்டமும் வேண்டாம்.

ஆகவே அண்ணன்மார்களே, இன்று ராத்திரி பக்கத்து வீட்டுப் பொடியன் 3எக்ஸ் = 12க்கு எக்ஸ் = 9 என்று எழுதிக் கொண்டு வந்தால் குட்டாதீர்கள், ரப்பரைத் தேடாதீர்கள், "பெருக்கல்ல இருந்தா" என்று ஆரம்பிக்காதீர்கள். எக்ஸ் இருக்கிற இடத்தில் 9 போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். 27 வரும். 12 எங்கே, 27 எங்கே என்று முழிப்பான். முழிக்கட்டும். ஓர் ஐந்து நிமிஷம் நீங்கள் போனை நோண்டிக் கொண்டிருங்கள், பரவாயில்லை.